பெரிய டாக்டர் சாக மறுத்தார்

தன்னைக் கொன்றுவிட்டார்கள் என்பது பெரிய டாக்டருக்கு மேக்கப் அறையில்தான் தெரிந்தது. மேக்கப்மேன் அவர் முகத்தில் சாம்பல் நிறத்தில் எதையோ அப்பிக்கொண்டிருந்தான். "ஏம்ப்பா, எனக்கு என்ன வியாதி?" என்று விளையாட்டாகக் கேட்டார். "வியாதியெல்லாம் இல்ல சார், நீங்க செத்துட்டீங்க" என்றான் அவன்.

அவர் நிஜ டாக்டர் இல்லை. இருபது வருடம் ஓடிய ஒரு ஆஸ்பத்திரி நகைச்சுவைத் தொடரில் டாக்டர். எக்ஸ்ரே மாறிப்போகும், நோயாளி கட்டிலை விட்டு ஓடுவான், நடுவில் எல்லாம் தெரிந்தவர்போல இவர் நிற்பார். கடைத்தெருவில் இன்றும் இவரை நிறுத்தி முட்டிவலிக்கு மாத்திரை கேட்கிறவர்கள் உண்டு. இவரும் கூசாமல் சொல்லித் தொலைப்பார். சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பாரா என்பதே சந்தேகம்.

இப்போது சேனல்காரர்கள் அந்தத் தொடரைத் தூசி தட்டி, புது முகங்களைப் போட்டு மறுபடி எடுக்கிறார்கள். டைரக்டர் வேறு யாருமில்லை, இவருடைய மாப்பிள்ளைதான். எழுதுவது மகள். "முதல் எபிசோடே உங்களை வச்சுதான் மாமா" என்று மாப்பிள்ளை சொன்னபோது இவருக்குத் தலைகால் புரியவில்லை. சொன்னதில் பொய்யும் இல்லை. ஸ்ட்ரெச்சரில் இவரை வைத்து, சுற்றி மற்றவர்கள் நிற்பதாகத்தான் காட்சி.

சாம்பல் முகத்தோடு நேரே செட்டுக்குப் போனார்.

"பெரிய டாக்டர் ஏன் சாகணும் மாப்பிள்ளை? வெளிநாடு போகட்டுமே."

"உயிரோட இருந்தா திரும்பி வருவாருன்னு ஜனங்க காத்துக்கிட்டே இருப்பாங்க மாமா. புதுசா வர்ற டாக்டர் பொண்ணை ஏத்துக்க மாட்டாங்க."

"காத்துக்கிட்டு இருந்தா உங்களுக்கு எங்க வலிக்குது?"

மாப்பிள்ளை கைகட்டி நின்றார். அந்த மரியாதைதான் இவருக்கு இன்னும் பற்றிக்கொண்டு வந்தது. எல்லாம் இவன் செய்யும் வேலை, மகளுக்கு இப்படி எழுத மனசு வராது என்று முடிவு கட்டிக்கொண்டார்.

புது டாக்டராக நடிக்கும் பெண் வந்து வணக்கம் சொன்னாள். அவள் போட்டிருந்தது இவருடைய வெள்ளைக் கோட்டு. கையைக் குறைத்து, இடுப்பைப் பிடித்துத் தைத்திருந்தார்கள்.

"சின்ன வயசுல உங்களைப் பார்த்தாதான் எனக்குச் சோறே இறங்கும் சார்."

"அதான் உடம்பு தேறல போல" என்றார்.

பழைய செட்டில் ஒரு சட்டம் இருந்தது. பிணமாகப் படுத்திருப்பவர் சிரித்துவிட்டால் அந்தச் சாவு செல்லாது. ஆளைப் பிழைக்கவைத்துக் கதையை மாற்றியாக வேண்டும். சட்டம் போட்டவர் இவரே. பிணத்தின் காதருகே குனிந்து எதையாவது முணுமுணுப்பார், போர்வை குலுங்கும். இருபது வருடத்தில் அந்த ஆஸ்பத்திரியில் ஒருத்தர்கூடச் சாகவில்லை. ஜனங்கள் அதற்காகவே பார்த்தார்கள். அந்தச் சட்டத்தை நம்பித்தான் இவர் வாயைத் திறக்காமல் ஸ்ட்ரெச்சரில் ஏறிப் படுத்தார்.

புது டாக்டர் போர்வையைப் பார்த்துச் சொல்ல வேண்டிய வசனம் ஒன்றே ஒன்று. "நேரம் குறிச்சுக்கோங்க. சார் இன்னிக்குத்தான் சொன்ன டயத்துக்குக் கிளம்பியிருக்காரு." அவள் சொல்லி முடித்ததும் போர்வைக்குள்ளிருந்து சிரிப்புச் சத்தம் வந்தது. பழைய லைட்மேனும் சேர்ந்து சிரித்துவிட்டு, டைரக்டர் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டார்.

"பிணம் சிரிச்சிருச்சு மாப்பிள்ளை. சட்டம் தெரியும்ல?"

"தெரியும் மாமா. இன்னொரு டேக் போயிடலாம்."

அடுத்த டேக்கில் அவள் வாயைத் திறக்கும் முன்பே சிரித்தார். அதற்கடுத்ததில் குறட்டை விட்டார். அந்தப் பெண்ணுக்குக் கண் கலங்கிவிட்டது.

"எனக்கு இது முதல் வேலை சார். உங்களுக்கு நான் என்ன கெடுதல் பண்ணேன்?"

"என் கோட்டைப் போட்டிருக்கியே, போதாதா?"

மாடி அறையில் மானிட்டர் முன்னால் உட்கார்ந்திருந்த மகள் அப்போதுதான் இறங்கி வந்தாள். இவர் எழுந்து உட்கார்ந்தார். தன் பக்கம் பேச ஆள் வந்துவிட்டது என்று நினைத்தார் பாவம்.

"உன் புருஷன் என்னைக் கொல்றான். நீ மேல உக்காந்து வேடிக்கை பாக்கறே."

"அவரு உங்களை வெளிநாட்டுக்குத்தான் அனுப்பச் சொன்னாரு. சாகணும்னு எழுதினது நான்."

செட்டில் யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

"நான் உனக்கு என்னடி குறை வச்சேன்?"

"டிவியில அந்த டாக்டரைப் பார்த்துட்டு, இவரு ஒருநாள் நம்ம வீட்டுக்கு வரமாட்டாரான்னு வாசலையே பார்த்துக்கிட்டு இருப்பேன். வந்தது நீங்கதான். தட்டு சத்தம் கேட்டாக்கூட உங்க கையிலருந்து எதாவது பறந்து வரும். ஊரே சிரிச்சுது, நாங்க வீட்ல வாயைப் பொத்திக்கிட்டு இருந்தோம்." அவள் குரல் ஏறவில்லை. "நீங்க செத்தா எனக்கு அழுகை வரும்ப்பா. அந்த டாக்டரு செத்தா வராது."

"பிணம் சிரிச்சா சாவு செல்லாது" என்றார் அவர்.

"எழுந்திரிங்க."

எழுந்தார். ஜெயித்துவிட்டோம் என்றுகூட ஒரு கணம் தோன்றியது. மகள் செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டாள். ஸ்ட்ரெச்சரில் ஏறிப் படுத்து, போர்வையைத் தலைக்கு மேல் இழுத்துவிட்டாள். "டேக் போகலாம்" என்று உள்ளிருந்து சொன்னாள். மாப்பிள்ளை தயங்கினார். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டே ஆக்‌ஷன் சொன்னார்.

பெரிய டாக்டர் விடுவதாக இல்லை. கேமரா ஓடுகிறது என்று தெரிந்தே போய்க் குனிந்தார். எத்தனையோ பிணங்களை எழுப்பிய முணுமுணுப்பை எல்லாம் ஒவ்வொன்றாக எடுத்துவிட்டார். ஊசியைப் பற்றி, நர்ஸைப் பற்றி, வராத பில்லைப் பற்றி. போர்வை அசையவில்லை. மூச்சு போய் வருவதே தெரியவில்லை.

அவருக்குப் புரிந்தது. இவர் வாசலில் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டதும், தூங்குவதுபோல் மூச்சைப் பிடித்துக்கொண்டு படுத்துக்கிடந்த பிள்ளை இவள். அவளை எழுப்பிச் சிரிக்கவைக்க வேண்டும் என்று இவருக்கு அன்று ஒருநாளும் தோன்றியதில்லை. பயந்துபோனார்.

"போதும், எழுந்திரும்மா" என்றார். "விளையாடாதே." சாம்பல் பூச்சின் மேல் கண்ணீர் வழிந்தது.

மாப்பிள்ளை கட் சொல்லவில்லை. கோட்டுப் போட்ட பெண் இவரை மேலும் கீழும் பார்த்தாள். கண்ணீர் காய்ந்த அவள் முகத்தில் இரக்கம் இல்லை. வசனத்தில் இல்லாததை, ஆஸ்பத்திரிக் குரலிலேயே கேட்டாள்.

"அழாதீங்க. இவங்களுக்கு நீங்க என்ன வேணும்?"

அப்பா என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.