குளியலறைக் கம்பி

காலையிலேயே அவருக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. டிரில் மிஷினின் சாவியைக் காணோம். துளை போடுகிற பிட்டை இறுக்கும் அந்தச் சின்னச் சாவி இல்லாவிட்டால் மிஷின் வெறும் இரும்புக் கட்டை. வீட்டுக்குப் பின்னால் இருந்த தகர ஷெட்டில் ஒவ்வொரு டப்பாவாகக் கவிழ்த்துப் பார்த்தார். துருப்பிடித்த ஆணி, காய்ந்துபோன பசை டியூப், என்றைக்காவது உதவும் என்று எடுத்து வைத்த உடைந்த கீல்கள், எல்லாம் வந்தன. தேடுகிற சாமானைத் தவிர மற்றதெல்லாம் கிடைக்கிற இடம் அது. கடைசியில் சாவி அவருடைய சட்டைப் பையிலேயே இருந்தது. அதற்கும் அவர் சாவியைத்தான் திட்டினார்.

பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். யாரையாவது திட்டாமல் ஒரு நாளும் வண்டியை நிறுத்தியதில்லை என்று டிப்போவில் பெயர் எடுத்தவர். இப்போது திட்டுவதற்கு ரோடு இல்லை. ஸ்குரூவும் சுத்தியலும் எக்ஸ்டென்ஷன் பாக்ஸும் அவரிடம் மாட்டிக்கொண்டு முழித்தன.

இன்றைக்குக் கோபப்பட அவருக்குக் காரணமும் இருந்தது. குளியலறையில் பிடித்துக்கொள்ள ஒரு கம்பி வேண்டும் என்று மனைவி மாதக்கணக்கில் கேட்டுக்கொண்டிருந்தாள். "ஆளைக் கூப்பிடட்டுமா?" என்றால், "நான் என்ன செத்தா போயிட்டேன், நானே போட்டுடறேன்" என்பார். போட்டபாடில்லை. அவள் வழுக்கி விழுந்து முட்டியை உடைத்துக்கொண்டாள். ஆபரேஷன் முடிந்து இன்று சாயங்காலம் வீட்டுக்கு வருகிறாள். குளியலறைக் கதவில் உள்பக்கம் தாழ்ப்பாள் இருக்கக் கூடாது என்று நர்ஸ் சொன்னதால் நேற்றே அதைக் கழற்றிவிட்டார். இனிக் கம்பிதான் பாக்கி. அவள் வரும்போது அது சுவரில் இல்லையென்றால் அவள் முகத்தில் எப்படி முழிப்பது?

மிஷினைச் சுவரில் வைத்து அழுத்தினார். அது காது கிழியக் கத்தியது. ஓட்டை மட்டும் விழவில்லை. உடம்பின் பாரத்தையெல்லாம் போட்டு அழுத்தினார். பிட் சூடேறிப் புகை நாற்றம் அடித்தது. வேறு பிட் மாற்றினார். அது வழுக்கி, வெள்ளை டைல்ஸில் நீளமாக ஒரு கோடு கிழித்தது. "சனியனே, உனக்கு என்னடா கேடு?" என்று மிஷினின் தலையில் ஒன்று போட்டார். கைதான் வலித்தது.

அந்த நேரம் பார்த்து மச்சினன் வந்தான். மனைவியின் ஒரே தம்பி. ஆஸ்பத்திரிக்குக் கார் எடுத்துக்கொண்டு போகிறவன், அக்காவின் துணிப் பையை வாங்க வந்திருந்தான். குளியலறை வாசலில் நின்று கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு குனிந்து மிஷினைப் பார்த்தான்.

"மாமா, ஒரு நிமிஷம் நிறுத்துங்க. அந்தப் பக்கத்துல..."

"நீ பேசாத. ஷெல்ஃப் மாட்டணும்னு இதை வாங்கிட்டுப் போனியே, அன்னையிலேருந்துதான் இப்படி. பிட்டெல்லாம் மொட்டை பண்ணித் திருப்பிக் குடுத்திருக்க."

"இல்ல மாமா, நான் சொல்ல வர்றது..."

"ஒண்ணும் சொல்ல வேணாம். உன் கை பட்டு எது உருப்பட்டிருக்கு? இருந்த கடையையே இழுத்து மூடிட்டு வந்தவன், எனக்கு மிஷின் ஓட்டக் கத்துக்குடுக்கிறியா? இனிமே இந்த வீட்டு வாசப்படி மிதிக்காத."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே உறைத்தது. கடையை மூடியதைப் பற்றி அந்தக் குடும்பத்தில் ஒருவரும் வாய் திறப்பதில்லை. மச்சினனின் முகம் செத்துவிட்டது. பையை எடுத்துக்கொண்டான்.

"அக்காவ வாசல் வரைக்கும் கொண்டுவந்து விட்டுடறேன்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

அவர் கதவை எட்டி உதைத்தார். சுவரில் மோதித் திரும்பி வந்த கதவில், தாழ்ப்பாள் இருந்த இடத்து ஸ்குரூ ஓட்டைகள் கண்ணில் பட்டன. நேற்று அந்த ஸ்குரூக்களைக் கழற்றியது இதே மிஷின்தான். கழற்றுவதற்காக, எதிர்ப்பக்கம் சுழலும்படி பக்கவாட்டில் இருக்கும் குமிழை மறுபக்கம் தள்ளியது இதே கைதான். பார்த்தார். குமிழ் அப்படியேதான் இருந்தது. தள்ளிவிட்டு அழுத்தினார். வெண்ணெயில் இறங்குவதுபோல் பிட் இறங்கியது.

ரிவர்ஸில் போட்டுவிட்டு, முன்னால் போகவில்லை என்று வண்டியைத் திட்டியிருக்கிறார். அதுவும் பஸ் ஓட்டிப் பிழைத்த மனுஷன். புது டிரைவர் எவனாவது இதைச் செய்திருந்தால் அவன் மானத்தை டிப்போ முழுக்க ஏலம் விட்டிருப்பார். கம்பியை மாட்டி, இரண்டு கையாலும் பிடித்துத் தொங்கிப் பார்த்தார். அசையவில்லை. அதைப் பார்க்கவே அவருக்கு எரிச்சலாக இருந்தது. மச்சினனுக்கு போன் பண்ண எடுத்து, எடுத்து, கீழே வைத்தார்.

சாயங்காலம் கார் வந்தது. வாசலில் செங்குத்தான படிகள். மனைவிக்கு இரண்டு பக்கமும் ஆள் வேண்டியிருந்தது. ஒரு பக்கம் அவர் பிடித்தார், மறுபக்கம் தம்பி தோள் கொடுத்தான். அவர் முகத்தை அவன் பார்க்கவில்லை. மேல்படி ஏறியதும் அக்காவின் கையை மெதுவாக எடுத்து நிலைக்கதவில் வைத்துவிட்டு, இறங்கிப்போய் கேட்டுக்கு வெளியே நின்றுகொண்டான்.

"ஏன்டா அங்க போய் நிக்கற?"

"இருக்கட்டும்க்கா. நீ உள்ள போ."

அவள் புருஷனைத் திரும்பிப் பார்த்தாள். இத்தனை வருஷம் குடித்தனம் நடத்தியவளுக்கு அந்த முகத்தைப் படிக்க அதிக நேரம் ஆகவில்லை.

அவர் தொண்டையைச் செருமினார். "மாப்ள, மிஷின் ரிவர்ஸ்ல இருந்திருக்கு."

"தெரியும் மாமா. அதத்தான் சொல்ல வந்தேன்."

"கம்பி போட்டாச்சு. நல்லா உறுதியா இருக்கு" என்றார் அவர் மனைவியிடம், பேச்சை மாற்றுகிறவர்போல.

"அவனை என்ன சொன்னீங்க?"

அவர் கேட்டுக்கு வெளியே நின்றவனைப் பார்த்தார். அவளுக்கு அதுவே போதுமாக இருந்தது. புது முட்டி நடுங்க, நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டு வாசலிலேயே நின்றாள்.

"என் தம்பி வராத வீட்டுக்குள்ள நானும் வரல. அந்தக் கம்பிய நீங்களே பிடிச்சிக்கிட்டு நில்லுங்க."

அவர் செருப்புகூடப் போடாமல் படி இறங்கி கேட்டை நோக்கி நடந்தார். கடையைப் பற்றிச் சொன்னதைத் திரும்ப எடுக்க எந்த வார்த்தையில் தொடங்குவது என்று அவருக்குத் தெரியவில்லை.