மொக்கையன் பார்க்காத முகம்

பிரசவ வார்டை விட்டுக் கொஞ்சம் கண்ணை எடுத்தால் போதும், சொந்தக்காரர்கள் ஏதாவது செய்து வைப்பார்கள். எழுபத்து நாலாம் வருஷம், தேவிகுளம் பக்கத்து எஸ்டேட் ஆஸ்பத்திரியில் நான் நர்ஸ். சின்னத்தாயிக்கு ரத்தப்போக்கு நிற்காமல் அவளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். ரத்தம் மட்டுப்படுவதற்குள் அவள் நாத்தனார் அழகுத்தாய், தீட்டுக் கழிக்கிறேன் என்று குறைமாதப் பிள்ளையைக் குளிப்பாட்டிவிட்டாள். அந்த ஆடி மழையில்!

“வெந்நிதான் சிஸ்டரம்மா.”

“வெந்நியோ பன்னீரோ, பிள்ளை சில்லிட்டுப் போச்சே, பாவி!”

உதடு நீலம் பாரித்திருந்தது. இந்த மாதிரிப் பிள்ளைகளுக்குச் சூடு கொடுக்க எங்களிடம் இருந்தது பல்பு மாட்டிய ஒரு மரப்பெட்டி. மழைக்குக் கரண்டு காலையிலேயே போய்விட்டது. டாக்டர் எஸ்டேட்டின் கீழ் டிவிஷனில், வழியெல்லாம் மண்சரிவு. போன மாதம் வெந்நீர் பாட்டில் வைத்து ஒரு பிள்ளைக்குத் தோல் வெந்ததிலிருந்து அதைத் தொடவே எனக்குப் பயம். இனி ஆள் உடம்புச் சூடுதான். அழகுத்தாயோ மழையில் நனைந்து தானே நடுங்கிக்கொண்டிருந்தாள்.

வராந்தாவில் அப்பன்காரன் மொக்கையன் கம்பளியைப் போர்த்திக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தான்.

“எந்திரிப்பா. சட்டையைக் கழட்டு. பிள்ளையை நெஞ்சோட வச்சுக் கட்டணும்.”

“நா மூஞ்சியைப் பாக்க மாட்டேன் சிஸ்டர். முந்தி ரெண்டையும் ஆசையாப் பாத்தேன், ரெண்டும் தங்கல. முப்பது நாள் கழியட்டும்னு வேண்டிக்கிட்டிருக்கேன்.”

எரிச்சல் மண்டைக்கு ஏறியது. “முப்பதாம் நாள் பாக்கப் பிள்ளை இருக்கணும்லப்பா! கண்ணை மூடிக்கோ!”

மூடிக்கொண்டான். பிள்ளையைத் துடைத்து, தலைக்குத் துணி சுற்றி, அவன் நெஞ்சில் முகத்தை ஒருபக்கம் திருப்பிக் கிடத்தி, சின்னத்தாயியின் சேலையால் கட்டிக் கம்பளியைப் போர்த்தினேன். உள்ளேயிருந்து அழகுத்தாய் அலறினாள். சின்னத்தாயிக்கு மறுபடியும் ரத்தம்.

ஒரு உடம்பை வைத்துக்கொண்டு நான் எங்கே ஓடுவது? “பிள்ளை உதட்டையே பாத்துக்கிட்டிரு. கருத்தாலோ மூச்சு நின்னாலோ கத்து.”

“சிஸ்டர், நான் எப்படிப் பாக்க...”

“உன் இஷ்டம்!”

ரத்தம் நிற்கச் சின்னத்தாயியின் அடிவயிற்றைப் பிசைந்துகொண்டிருந்த நேரமெல்லாம் காது வராந்தாவிலேயே கிடந்தது. சத்தமே இல்லை. பார்க்கிறானா, கண்ணை மூடிக்கொண்டே இருக்கிறானா? அவனை நம்பி விட்டுவந்த என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும். ரத்தம் நின்றதும் கையைக் கழுவியும் கழுவாமலும் ஓடினேன்.

மொக்கையன் கம்பளிக்குள் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தான். பிள்ளையின் உதடு சிவந்திருந்தது. அவன் தாடியெல்லாம் கண்ணீர்.

“பாத்துட்டேன் சிஸ்டர். இதுவும் போயிருமா?”

விலகியிருந்த கம்பளியை இழுத்துவிட்டேன்.

“போகாது. கண்ணை எடுக்காதே,” என்றேன்.