ரோசிக்கு வைத்த பங்கு

பேணாட் அந்த நாயை வீட்டு வளவுக்குள் விட்டதற்கு இரக்கம்தான் காரணம் என்று மாகிரட் நம்பினாள். புருஷனோடு இத்தனை வருஷம் குடித்தனம் நடத்தியவளுக்கு இந்த நம்பிக்கை எங்கிருந்து வந்ததோ! மீன்பிடித்துக் கடலால் வந்தால் தின்ன வேண்டும், தின்றால் படுக்க வேண்டும். பேணாட்டின் சங்கதி அவ்வளவுதான்.

சூறாவளி அடித்ததற்கு அடுத்த வருஷம் திருகோணமலைத் தெருக்களில் கட்டாக்காலி நாய்கள் பெருத்துவிட்டன. பிடித்த நாய்களை அடைக்கும் கூட்டுக்குப் பக்கத்து வீட்டுத் தவராசாதான் காவல். கேட்டு ஆள் வராத நாயைச் சுட்டுவிடுவார்கள். மாதா கோயிலால் வரும் வழியில் மாகிரட் கூட்டுக்குள் எட்டிப் பார்த்தாள். மயிர் முழுக்கக் கொட்டி, விலா எலும்பு தெரிய, ஒரு பெட்டை மூலையில் கிடந்தது.

"உது தப்பாது, தங்கச்சி. சொறி திண்டு முடிச்சிட்டுது," என்றார் தவராசா.

"தப்பாட்டி என்ர மடியில சாகட்டும், அண்ணை."

சாக்கில் சுற்றித் தூக்கி வந்தாள். பேணாட் குனிந்து பார்த்தான். "பூனையும் துலைஞ்சு போச்சு. ஒரு நாய் தேவைதான். கிடக்கட்டும்," என்றான். எதற்குத் தேவை என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

கஞ்சியைக் கரண்டியால் வாயில் ஊற்றினாள். வேப்பிலை அவித்த தண்ணீரால் கழுவி, தேங்காயெண்ணெயில் கந்தகம் குழைத்துப் பூசினாள். வீடு நெருப்புப்பெட்டி மாதிரி நாறுகிறது என்று பேணாட் கத்தினான். அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஒருநாள் காலை, கிணற்றடிக்குப் போனவளின் பின்னால் அது தள்ளாடித் தள்ளாடி நடந்து வந்து வாலை ஆட்டியது. பிள்ளை இல்லாத அந்த வீட்டில் அவளைத் தேடி ஓர் உயிர் வந்தது அன்றுதான். வாளியைப் போட்டுவிட்டுக் குந்தியிருந்து அழுதாள். அதற்கு ரோசி என்று பெயர் வைத்தாள். பேணாட்டுக்கு அது வெறும் நாய்தான்.

தபசுகாலம் வந்தது. இறைச்சி தொடாத அந்த நோன்பு நாட்களில் பேணாட்டின் நாக்குப் பேத்தை மீனைக் கேட்கும். தொட்டால் வயிற்றை ஊதிக்கொள்கிற அந்த மீனுக்கு ஈரலிலும் முட்டையிலும் நஞ்சு, அவை உடைந்தால் சதையிலும் ஏறும். தன் தகப்பனிடம் பழகியபடி பேணாட் தானே வெட்டுவான், தானே கழுவுவான். கறி வெந்ததும் முதல் பங்கு வீட்டு மிருகத்துக்கு. குளித்து, ஒரு சுருட்டு முடிக்கும் மட்டும் அது சுகமாக நின்றால் சோற்றுக் கோப்பையை எடுப்பான். இத்தனை காலமும் பூனை தின்றது. அதற்கு ஒன்றும் வந்ததில்லை. மாகிரட்டுக்குப் பேத்தை வாடையே ஒத்துவராது; அவள் அதைத் தொடுவதில்லை.

அன்று மத்தியானம் கிணற்றடியில் பேத்தை கழுவியவன் தனக்குள் முணுமுணுத்தது அவளுக்குக் கேட்டது. "சீ, முட்டை உடைஞ்சு போச்சு. பறவாயில்லை, நாய் சொல்லும்தானே."

நாய் எதற்குத் தேவைப்பட்டது என்பது அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. கறி வெந்ததும் அவன் ஒரு துண்டைச் சிரட்டையில் போட்டு ரோசியின் முன்னால் வைத்துவிட்டுக் குளிக்கப் போனதும், அதைப் பறித்து அடுப்பில் எறிந்தாள். காலையில் அவித்த சூடை மீனைச் சிரட்டையில் போட்டாள். ரோசி நக்கித் தின்றது. முதலில் இது தப்பட்டும், சாப்பிட வரும்போது அவருக்குச் சொல்லலாம் என்று நினைத்தாள். சத்தியமாகச் சொல்லத்தான் நினைத்தாள்.

பேணாட் சுருட்டை எறிந்துவிட்டு வந்தான். வெறும் சிரட்டையைப் பார்த்தான். வாலை ஆட்டிக்கொண்டு நின்ற நாயைப் பார்த்தான். பிறகு, அதுவரை செய்யாத ஒன்றைச் செய்தான். குந்தியிருந்து அதன் தலையைத் தடவினான். "கெட்டிக்காரி! என்னடி ரோசி, நல்லாயிருந்ததே?" என்றான்.

இந்த ஒரு வார்த்தைக்காக எத்தனை நாள் ஏங்கியிருந்தாள் மாகிரட்! இப்போது சொன்னால் அந்தக் கை திரும்பவும் கல்லாகிவிடும் என்று பயந்தாள். எத்தனை தரம் தின்றிருக்கிறார், என்ன வந்தது என்று மனதைத் தேற்றிக்கொண்டாள். அதற்குள் அவன் சோற்றைப் பிசைந்துவிட்டான்.

சட்டியை வழித்துத் தின்றுவிட்டுக் கதிரையில் சாய்ந்தான். கொஞ்ச நேரத்தில் உதட்டைத் தேய்த்தான்.

"சொண்டு விறைக்குது, மாகிரட்."

அவள் வேலியால் கத்தியதும் தவராசா ஓடி வந்தார். "எழும்பும், ஆசுபத்திரிக்குப் போவம்," என்று அவன் தோளைப் பிடித்தார்.

பேணாட் கையைத் தட்டிவிட்டான். "விசர்க்கதை கதையாதையுங்கோ. எனக்கு முதல் நாய் திண்டது. அங்க பாருங்கோ, துள்ளிக்கொண்டு நிக்குது. உது வெயில் சூடு." அவன் நாக்குத் தடித்திருந்தது. கால் விரல் அசையவில்லை என்றாலும் எழும்ப மாட்டேன் என்றான். ரோசி அவன் காலடியில் பந்து மாதிரி ஓடித் திரிந்தது.

மாகிரட் அவன் முன்னால் முழங்காலில் விழுந்தாள். "இஞ்சேருங்கோ, எழும்புங்கோ. நாய் அதைத் தின்னேல்லை. நான் மாத்தி வைச்சனான்."

பேணாட் அவளையே பார்த்தான். அவன் கண்ணில் கோபம் இல்லை, பயம்தான் இருந்தது.

"ஏன்… எனக்குச் சொல்லேல்லை?"

"நீங்கள் அதைத் தடவினீங்கள்," என்றாள் அவள்.

தவராசா அவனைத் தோளில் போட்டுக்கொண்டு தெருவுக்கு ஓடினார். தொங்கிய அவன் கையை, பின்னாலேயே ஓடிய ரோசி எட்டி எட்டி நக்கியது. அந்தக் கை திரும்பத் தடவவில்லை.