கிழக்கே திரும்பிய மேசை

எங்கள் அண்ணாச்சிக்கு வாஸ்து பார்த்துச் சொன்னவர் யாரென்று எனக்குத் தெரியாது. தெரிந்தால் ஒருநாள் அவர் வீட்டுக்குப் போய், அவருடைய மேசை நாற்காலியையெல்லாம் திருப்பிப் போட்டுவிட்டு வர வேண்டும் என்ற ஆசை மட்டும் எனக்கு இன்னும் போகவில்லை.

அண்ணாச்சி என்று நான் சொல்வது சங்கரபாண்டியன் அண்ணாச்சியை. வெம்பக்கோட்டை போகிற வழியில் இருக்கும் எங்கள் பட்டாசுக் கம்பெனியின் முதலாளி. நான் ஓவியா, அங்கே ஆபீஸ் வேலை. என் அம்மா குருவம்மாளுக்கு அதே கம்பெனியில் பேக்கிங் ஷெட்டில் வேலை. நான் பி.காம். முடித்துவிட்டு வீட்டில் உட்கார்ந்திருந்தபோது அம்மாதான் அண்ணாச்சியிடம் போய்க் கேட்டாள். அவர் முடியாது என்று சொல்லவில்லை, ஒரு மாதம் பார்ப்போம் என்றார். நான் சரிப்படாவிட்டால் ஆபீஸ் நாற்காலியில் உட்கார, அவருடைய மச்சினர் வழியில் சிவகாசியில் ஒருவர் தயாராக இருந்தார். எனக்கு அப்புறம் பேக்கிங் ஷெட்தான். ஷெட்டில் உட்காருவது கேவலம் என்று நான் சொல்ல மாட்டேன். அம்மா அங்கே உட்கார்ந்துதான் என்னைப் படிக்க வைத்தாள். ஆனால் அவள் படிக்க வைத்ததே நான் அங்கே உட்காரக் கூடாது என்பதற்காகத்தான்.

அந்த மாதம் முடியப் போகிற நேரத்தில் ஜெய்ப்பூர்ப் பக்கத்து வியாபாரி ஒருவர் வீடியோ காலில் பேச வேண்டும் என்றார். எங்கள் புது கிஃப்ட் பாக்ஸ் லேபிள்களைப் பார்த்துவிட்டுப் பிடித்திருந்தால் ஆர்டர் தருவார். லேப்டாப்பில் அவர் முகம், பக்கத்தில் இருக்கும் பெரிய மானிட்டரில் லேபிள் படங்கள் என்று சனிக்கிழமையே எல்லாவற்றையும் ஒழுங்கு செய்து வைத்துவிட்டுத்தான் நான் வீட்டுக்குப் போனேன். அண்ணாச்சிக்கு இங்கிலீஷ் வராது. பேச வேண்டியது நான். இது சரியாக நடந்தால் நாற்காலி என்னுடையது, சொதப்பினால் சிவகாசிக்காரருடையது. அவர் அப்படி வாய்விட்டுச் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை அந்த வாஸ்துக்காரர் வந்திருக்கிறார். ஆபீஸில் உட்காருகிறவர் வடக்கே பார்க்கக் கூடாது, கிழக்கே பார்க்க வேண்டும், ஆர்டர் கொட்டும் என்று சொல்லியிருக்கிறார். அண்ணாச்சி ஆள் வைத்து மேசையைத் திருப்பியிருக்கிறார். திருப்பியதும் மானிட்டர் ஒயர் பிளக்குக்கு எட்டவில்லை. அதனால் வலப்பக்கம் இருந்த மானிட்டரைத் தூக்கி லேப்டாப்புக்கு இடப்பக்கம் வைத்திருக்கிறார்கள். அதோடு விட்டாரா? நல்ல நாளும் அதுவுமாக என்று லேப்டாப்பைத் தன் கையாலேயே ஈரத்துணியால் அழுத்தித் துடைத்து, சாவிப்பலகை மேலேயே சந்தனமும் குங்குமமும் வைத்திருக்கிறார்.

திங்கள்கிழமை காலை முழுவதும் லோடு ஏற்றுகிற இடத்தில் நின்று விலாசம் சரிபார்க்கிற வேலை எனக்கு. மத்தியானம் சாப்பாட்டு மணி அடித்த பிறகுதான் ஆபீஸுக்குள் வந்து லேப்டாப்பைத் திறந்தேன். கறுப்பாக இருந்தது. பக்கத்து மானிட்டரில் ஒரு நீல மலைப் படம் மட்டும் இருந்தது. ஒரு எழுத்து இல்லை, ஒரு பொத்தான் இல்லை. மவுஸ் அம்பை லேப்டாப் பக்கம் தள்ளினால் மானிட்டர் ஓரத்திலேயே முட்டிக்கொண்டு நின்றது. எதிர்ப்பக்கம் தள்ளினால் காணாமல் போனது. எதைத் திறந்தாலும் திறக்கிற சத்தம் கேட்டது, திறந்தது எங்கே என்று தெரியவில்லை. இரண்டு மணிக்கு வியாபாரி லைனில் வருவார். அண்ணாச்சி வெள்ளைச் சட்டையும் நெற்றியில் சந்தனமுமாக வந்து எதிரே உட்கார்ந்துவிட்டார்.

எங்கள் கம்பெனியில் போனுக்கு கேட்டைத் தாண்டி வர அனுமதி கிடையாது. பட்டாசு மருந்து இருக்கிற இடம், ஒரு பொறி போதும். கேட்டுக்கு வெளியே ஒரு மரப்பெட்டி இருக்கிறது. அறை அறையாகப் பிரித்து, ஒவ்வோர் அறைக்கும் ஒரு வில்லை. யாராக இருந்தாலும் போனை அதில் போட்டுவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும். அண்ணாச்சியும் போட்டுவிட்டுத்தான் வருவார். அந்தப் பெட்டியைச் செய்து வைத்ததே அவர்தான். ஆபீஸில் இருந்த பழைய டெலிபோன் போன மழையில் இடி விழுந்து செத்துவிட்டது. ஆகவே ஓடினேன்.

வாட்ச்மேன் சங்கிலிமுத்து அண்ணன் என் போனை எடுத்துக் கொடுத்தார். விருதுநகரில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் செழியனைக் கூப்பிட்டேன், அந்த லேப்டாப்பை எங்களுக்கு விற்றவர் அவர்தான். ஒயரைப் பிடுங்கிச் செருகு, ஆஃப் செய்து போடு என்றார். திரும்ப ஓடி வந்து அப்படியே செய்தேன். மறுபடியும் அதே கறுப்பு, அதே நீல மலை. மறுபடியும் கேட்டுக்கு ஓடினேன். கேட்டுக்கும் ஆபீஸுக்கும் நல்ல தூரம். குரல் கொடுத்தால் கேட்காது. அம்மாவும் மற்ற பெண்களும் வேப்பமரத்தடியில் சாப்பிட்டுக்கொண்டே என் ஓட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

இந்தத் தடவை அண்ணாச்சியும் என் பின்னாலேயே வந்துவிட்டார். அவருக்கு வியர்த்திருந்தது. சங்கிலிமுத்து அண்ணனைப் பார்த்து, போனை இந்தப் பிள்ளையிடம் கொடுத்துவிடு, ஆபீஸுக்குக் கொண்டு போகட்டும், ஒரே ஒரு தடவைதானே என்றார். ஆபீஸுக்குத்தான், ஷெட்டுக்கு இல்லையே என்று அவரே ஒரு சமாதானமும் சொல்லிக்கொண்டார். சங்கிலிமுத்து அண்ணன் போனைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டைத் திறக்கவும் இல்லை, மூடவும் இல்லை. நான் கையை நீட்டிவிட்டேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். எனக்கு அப்போது நாற்காலியைத் தவிர வேறெதுவும் கண்ணில் படவில்லை.

அம்மா சாப்பாட்டுக் கையோடு எழுந்து வந்தாள்.

"போன் உள்ள வர வேண்டாம் மொதலாளி. அது அங்கனயே இருக்கட்டும்."

ஷெட்டில் வேலை செய்கிற ஒருத்தி அண்ணாச்சியின் பேச்சுக்குக் குறுக்கே பேசி நான் பார்த்ததில்லை. அவர் மெதுவாகத் திரும்பிப் பார்த்தார்.

"உம் மகளுக்காகத்தான குருவம்மா சொல்றேன். நேரம் ஆகுதுல்ல?"

"பெட்டி வச்சது நீங்கதான் மொதலாளி" என்றாள் அம்மா. "போன்ல அந்தத் தம்பி சொல்றத நாங்க வாயில கொண்டாரோம். எம்புட்டுத் தூரம், நாங்க நிக்கோம்."

அண்ணாச்சி என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் சிவகாசிக்காரர் வந்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டதாகவே எனக்குத் தோன்றியது. அம்மா மேல் எனக்கு வந்த கோபத்தைச் சொன்னால் அடிக்க வருவீர்கள்.

ஆனால் அம்மா அதற்குள் கையைக் கழுவிவிட்டாள். பாலம்மாள் அத்தை எழுந்தாள், யோகேஸ்வரி அக்கா எழுந்தாள், தூக்குச் சட்டியை மூடிவிட்டு மற்றவர்களும் எழுந்தார்கள். கேட்டிலிருந்து ஆபீஸ் வாசல்வரை குரல் எட்டுகிற தூரத்துக்கு ஓர் ஆளாக நின்றுகொண்டார்கள். ஷெட்டுக்கு ஷெட் சேதி சொல்வது எங்கள் கம்பெனியில் வாய் வழியாகத்தான். கேட்டதைத் திருப்பிச் சொல்லிவிட்டுத்தான் அடுத்த ஆளுக்குச் சொல்ல வேண்டும். மருந்து இருக்கிற இடத்தில் அரைகுறையாகக் கேட்டுக்கொண்டு போனால் என்ன ஆகும் என்று யாரும் அவர்களுக்கு வகுப்பெடுக்க வேண்டியதில்லை. அதனால் ஒரு சொல் மாறாது.

சங்கிலிமுத்து அண்ணன் கேட்டுக்கு வெளியே நின்று போனை ஸ்பீக்கரில் போட்டார். நான் மேசைக்கு ஓடினேன். அம்மா ஆபீஸ் வாசலில் நின்றாள், வரிசையில் கடைசி ஆள் அவள்தான். முதல் சேதி வந்தது.

"லேப்டாப்பு மேல துணியப் போட்டு, வெளிச்சம் படாம உள்ள உத்துப் பாக்கணுமாம். எழுத்து எதுவும் தெரியுதான்னு கேக்காரு."

அதைச் சொன்ன அம்மாவே உள்ளே வந்து, தலையில் கட்டியிருந்த பருத்தித் துண்டை அவிழ்த்து, என்னையும் லேப்டாப்பையும் சேர்த்து மூடினாள். உள்ளே தலையெண்ணெய் வாசனையும் பசை வாசனையும் இருந்தன. கண்ணை இடுக்கிக்கொண்டு பார்த்தேன். மங்கலாக, இருக்கிறதா இல்லையா என்கிற மாதிரி, நான் இவ்வளவு நேரமும் தேடிய எல்லாமே அங்கே இருந்தன. லேப்டாப் சாகவில்லை. அண்ணாச்சி அழுத்தித் துடைத்ததில் திரையின் வெளிச்சம் அடியோடு குறைந்திருந்தது, அவ்வளவுதான். மேசை கிழக்கே திரும்பியதில் மேற்குச் சன்னல் என் முதுகுக்குப் பின்னால் வந்துவிட்டது. அந்த வெளிச்சம் திரையில் அடித்து, மிச்சம் மீதி தெரிந்ததையும் மறைத்திருக்கிறது.

தெரியுது என்றேன். தெரியுதாம், தெரியுதாம் என்று அது வரிசையில் ஓடுவது எனக்குக் கேட்டது. கொஞ்ச நேரத்தில் பதில் வந்தது. சூரியன் படம் போட்ட பொத்தானை அமுக்க வேண்டுமாம். தேடினேன். சூரியன் இருந்தது, அண்ணாச்சி வைத்த சந்தனத்துக்கு அடியில். நகத்தால் சுரண்டி எடுத்துவிட்டு அமுக்கினேன். திரை வெளுத்துக்கொண்டே வந்தது. அண்ணாச்சி சன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றார், சந்தனத்தைப் பற்றி நானும் வாயைத் திறக்கவில்லை.

அடுத்தது அம்புக்கு வைத்தியம். மேசை திரும்பிய கதையை வரிசையில் சொல்லி அனுப்பியதும், டிஸ்பிளே செட்டிங்ஸைத் திறக்கச் சொன்னார் செழியன். அதில் ஒன்று, இரண்டு என்று நம்பர் போட்ட இரண்டு கட்டங்கள் இருந்தன. இரண்டு என்பதுதான் மானிட்டர். மேசையைத் திருப்பி மானிட்டரை இடப்பக்கம் வைத்ததை யாரும் கம்ப்யூட்டருக்குச் சொல்லவில்லை. அது பாவம், மானிட்டர் இன்னும் வலப்பக்கமே இருப்பதாக நினைத்துக்கொண்டு அம்பை அந்தப் பக்கமாகவே அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறது.

"ரெண்டாம் நம்பர் கட்டத்தப் பிடிச்சு இழுத்து, ஒண்ணாம் நம்பருக்கு எடக்கைப் பக்கம் வச்சிட்டு, அப்ளைய அமுக்கணுமாம்" என்றாள் அம்மா. அப்ளை என்றால் என்னவென்று அவளுக்குத் தெரியாது. ஆனால் கேட்டில் புறப்பட்ட சேதி அத்தனை வாய்களைத் தாண்டி ஒரு சொல் சிந்தாமல் என்னிடம் வந்து சேர்ந்துவிட்டது.

இழுத்தேன், வைத்தேன், அமுக்கினேன். அம்பு லேப்டாப்பிலிருந்து நேராக மானிட்டருக்கு, வீட்டுக்குள் ஓர் அறையிலிருந்து இன்னோர் அறைக்குப் போகிற மாதிரி போனது. லேபிள் படத்தை இழுத்து மானிட்டரில் போட்டேன். அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, சரியாப்போச்சு என்று வரிசைக்குச் சொன்னாள். அது கேட்டைப் போய்ச் சேர்ந்ததும், கடையில் வேறு ஆட்களைக் காக்க வைத்துவிட்டு இவ்வளவு நேரமும் சலிக்காமல் எங்களோடு இருந்த செழியன், ஆல் தி பெஸ்ட் சொல்லச் சொன்னாராம். அதையும் வரிசையாகத்தான் கொண்டுவந்து கொடுத்தார்கள். பாலம்மாள் அத்தை வாயிலும் அம்மா வாயிலும் ஆல் தி பெஸ்ட் என்று கேட்டபோது எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தன. அவர்களில் பாதிப் பேர் இன்னும் சாப்பிட்டு முடிக்கவில்லை.

மணி அடித்தது. அவர்கள் ஷெட்டுக்குப் போய்விட்டார்கள். அம்மாவின் துண்டு என் தோளிலேயே இருந்தது. வெயில் வேறு இறங்க ஆரம்பித்து, சன்னல் வெளிச்சம் முன்னைவிட மோசமாகத் திரையில் அடித்தது. மேசையைத் திரும்ப நகர்த்த நேரமில்லை. சன்னலில் துண்டைக் கட்டலாம் என்றால், கம்பியெல்லாம் கண்ணாடிக்கு வெளிப்பக்கம் இருந்தது. அண்ணாச்சி என் தோளிலிருந்து துண்டை எடுத்தார். சன்னலுக்கு முன்னால் போய், இரண்டு கைகளாலும் அதை விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றார்.

வியாபாரி திரையில் வந்தார். பேச ஆரம்பித்த கொஞ்ச நேரத்திலேயே, உனக்குப் பின்னால் துணி காயப்போடுகிற கொடி மாதிரி ஒருவர் நிற்கிறாரே, யார் அவர் என்று கேட்டார். அவர்தான் எங்கள் முதலாளி என்றேன். அந்த மனிதர் சிரித்த சிரிப்பில் எனக்கிருந்த நடுக்கமெல்லாம் போய்விட்டது. லேபிள் ஒவ்வொன்றாகக் காட்டினேன். மயில் போட்ட பெட்டி அவருக்கு ரொம்பப் பிடித்தது. ஆர்டரை நாளைக்கே அனுப்புவதாகச் சொல்லிவிட்டுப் போனார். அவர் போகும்வரை அண்ணாச்சி கையை இறக்கவில்லை.

இறக்கியதும் தோள்பட்டையை நீவிவிட்டுக்கொண்டார். துண்டை மேசைமேல் வைத்து, முனைக்கு முனை சரியாக இருக்கும்படி மடித்தார்.

"சன்னலுக்குத் திரை ஒண்ணு வாங்கணும். என்ன கலர் வேணும்னு நீயே பாத்துச் சொல்லு தாயி. நீதான உக்காரப் போற" என்றார்.

மேசையை என்ன செய்வது என்று கேட்டேன். கிழக்கேயே இருக்கட்டும், ஆர்டர் வந்துவிட்டதே என்றார். அவரைத் திருத்த முடியாது.

பிறகு துண்டை எடுத்துக்கொண்டு பேக்கிங் ஷெட்டுக்கு நடந்தார். நானும் பின்னாலேயே போனேன். அம்மா பெட்டிகளில் மூடி ஒட்டிக்கொண்டிருந்தாள். அண்ணாச்சி வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய், துண்டை அவள் கையிலேயே கொடுத்தார். கொடுத்துவிட்டும் நின்றுகொண்டிருந்தார்.

"எங்கிட்டயே வேண்டாம்னு சொல்லிட்டியே. உம் மக வேல போயிருமேன்னு உனக்குத் தோணலயா குருவம்மா?"

அம்மா துண்டை உதறித் தலையில் கட்டிக்கொண்டே சொன்னாள்.

"தோணுச்சு மொதலாளி. வேல போனா வேற வேல பாத்துக்கிடலாம். ஆபீசுக்குள்ள இருந்தது எம் மகள்ல."