வராதவரையும் எண்ணு

1

இந்தக் கதை ஒரு குறிப்பிலிருந்து வந்தது. கணினி நிரலின் நடுவே, இயந்திரம் படிக்காமல் தாண்டிப் போகிற இடத்தில், மனிதர் மனிதருக்கு எழுதிவைக்கும் குறிப்பு.

வராதவரையும் எண்ணு. ஏன் என்று அப்புறம் சொல்கிறேன்.

எழுதியவள் என் மனைவி. அப்புறம் சொல்ல அவள் இல்லை.

"நான்" என்று வைத்து மூன்று முறை ஆரம்பித்தேன். மூன்றும் இரண்டாம் வாக்கியத்தில் படுத்துக்கொண்டன. ஆகவே "அவன்". அவன் கொஞ்சம் தள்ளி நிற்பான். அவனைப் பற்றி எழுத முடிகிறது.

அவள் போன பிறகு அவனுக்கு வேலை மட்டுமே துணையாக

(பொய். வேலையும் இல்லை. நாற்காலி இருந்தது. அதில் உட்கார்ந்திருந்தான்.)

மழைக்கு முன்பு வெள்ள முன்னறிவிப்பு அலுவலகத்தில் புது இயந்திரம் ஒன்று வாங்கினார்கள்.

இது நிற்கிறது. இதைப் பிடித்துக்கொண்டு போகலாம்.

2

அவனும் அவளும் சேர்ந்து ஒரு கம்பைலர் செய்தார்கள். மனிதர் எழுதும் நிரலை இயந்திரத்துக்குப் புரியும் கட்டளைகளாக மாற்றுவது கம்பைலர். அவர்களுடையது ஒரு தனி மொழிக்கானது. பெரிய வேலையைத் துண்டு போட்டு, ஆளுக்கொரு துண்டாகக் கொடுத்து, ஒரே நேரத்தில் செய்யவைக்கும் மொழி. எந்த இயந்திரத்துக்குத் தூக்கிக்கொண்டு போனாலும் ஓட வேண்டும் என்பது இருவருக்கும் இருந்த வீம்பு. மொழியைப் புரிந்துகொள்ளும் முன்பாதி அவன் எழுதியது. இயந்திரத்தோடு மல்லுக்கட்டும் பின்பாதி அவளுடையது.

பின்பாதியில் ஓர் இடத்துக்கு அவள் "வாசல்" என்று பெயர் வைத்தாள். இயந்திரத்துக்குள் பல மூளைகள் உண்டு. அவற்றை அவர்கள் "ஆள்" என்பார்கள். ஒவ்வோர் ஆளும் தன் துண்டை முடித்துவிட்டு வாசலுக்கு வந்து நிற்க வேண்டும். எல்லோரும் வந்த பிறகுதான் அடுத்த கட்டத்துக்குச் சேர்ந்து கிளம்பலாம். பெயர் அவள் வீட்டிலிருந்து வந்தது. குடும்பமாக எங்கே கிளம்பினாலும் அவள் அப்பா முதலில் ஷூ மாட்டிக்கொண்டு வாசலில் நின்று தலை எண்ணுவார். பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். ஒரு தலை குறைந்தாலும் நகரமாட்டார்.

(நிரல் எழுதுபவர்களுக்கு இதன் முறையான பெயர் தெரியும். மற்றவர்களுக்கு வாசல் போதும்.)

3

ஆற்றில் எங்கே எவ்வளவு தண்ணீர் ஏறும் என்ற கணக்கை அவர்கள் கம்பைலரை வைத்துப் போடும் வெள்ள அலுவலகப் பொறியாளரை அவர்கள் வீட்டில் "வெள்ளக்காரம்மா" என்பார்கள். அது அவருக்கும் தெரியும். ஒரு நாள் காலையில் கூப்பிட்டார்.

"என்ன சார், உங்க கம்பைலர் தியானத்துல உக்காந்துடுச்சு?"

"நின்னு போகுதா?"

"திட்டினாலும் எந்திரிக்கல. பழைய மெஷின்ல ஜோரா ஓடுது. புதுசுல பாதி ஆத்தோட நிக்குது."

"புதுசு, சூடானா ஆளை அணைச்சிடுமா?"

"ஆமா. ஒரு ஓரமா அணைச்சுப் போட்டுடும். அது பெரிய வசதின்னு சொல்லித்தான் தலையில கட்டினாங்க. பழசை மாசக் கடைசில தூக்கிட்டுப் போயிடுவாங்க. மழை வந்தா ஆத்தோரம் இருக்கறவங்ககிட்ட என்ன சொல்றது? தியானம் கலையற வரைக்கும் இருங்கன்னா?"

"பாக்கறேம்மா."

"அவங்க இருந்திருந்தா…" என்று ஆரம்பித்து, "சரி, பாருங்க சார்" என்று வைத்துவிட்டார்.

காரணம் உடனே கிடைத்தது. நடுவழியில் அணைந்த ஆள் வாசலுக்கு வருவதில்லை. மற்றவர்கள் அவருக்காக நின்றுகொண்டே இருக்கிறார்கள். ஒரு வரியைத் திருத்தினால் போதும்: அணைந்தவரைக் கணக்கிலிருந்து கழித்துவிடு. அந்த வரிக்கு நேர் மேலேதான் குறிப்பு இருந்தது.

இயந்திரத்துக்கு அது இருந்தாலும் ஒன்று, இல்லாவிட்டாலும் ஒன்று. அவனுக்கு அப்படி இல்லை. அவளுடைய புடவைகளை அவள் அண்ணி கொண்டுபோனபோது அவன் தடுக்கவில்லை. கைப்பேசி எண்ணைக்கூட விட்டுக்கொடுத்தான். இந்தக் குறிப்பு வேறு. இது இருக்கும்வரை அவள் அவனிடம் ஒன்று சொல்ல வேண்டியிருந்தது.

வரியை மட்டும் திருத்தினான். குறிப்பை விட்டுவைத்தான். வழக்கமான சோதனைகள் எல்லாம் தேறின. அனுப்பிவைத்தான்.

4

[இங்கே நிறுத்துகிறேன். இறந்தவளைக் கணக்கிலிருந்து கழிப்பதைப் பற்றிய கதை, கம்பைலர் ஓர் உருவகம் என்று நினைத்திருப்பீர்கள். நான் உருவகம் தேடிப் போகவில்லை. பிழை அப்படி இருந்தது. வேறு மாதிரி இருந்திருந்தால் எழுத லேசாக இருந்திருக்கும்.

இன்னொரு சந்தேகம், மாமனார். முதல் வரைவில் அவர் வாசலில் தலை எண்ணியதோடு சரி. ஆனால் அவர் என் வீட்டில்தான் இருக்கிறார். இதைத் தட்டும்போது பக்கத்து அறையில் இருமுகிறார். இல்லாதவர்போல் எழுத]

5

மறுநாளே வெள்ளக்காரம்மா கூப்பிட்டார்.

"ஓடுது சார். ரொம்ப நல்லா ஓடுது. அதான் பயமா இருக்கு."

"என்ன பயம்?"

"போன வருஷ மழையைக் கொடுத்துப் பாத்தேன். பாலத்துக்கிட்ட தண்ணி ஏறவே இல்லைங்குது. போன வருஷம் அந்தப் பாலத்து மேல நான் நின்னேன் சார். செருப்பு நனைஞ்சுது."

"வேற எங்கயாவது தப்பா இருக்கா?"

"இல்ல. மத்ததெல்லாம் கச்சிதம். நான் நிக்காத பாலமா இருந்திருந்தா நம்பியிருப்பேன்."

அவன் நிரலைத் திறந்து பார்த்தான். பாலத்தடியில் இருந்த ஆற்றுத்துண்டு, அணைந்துபோன ஆளிடம் இருந்தது. கணக்கிலிருந்து அவரைக் கழித்தபோது அவர் கையிலிருந்த வேலையும் சேர்ந்து போய்விட்டது. மற்றவர்கள் காத்திருக்காமல் கிளம்பினார்கள். ஓர் எச்சரிக்கைகூட வரவில்லை. அந்தத் துண்டில் மட்டும் மழைக்கு முந்தைய நீர்மட்டம் அப்படியே கிடந்தது.

நின்றுபோனால் யாராவது வந்து பார்ப்பார்கள். தப்பாக ஓடினால் வரமாட்டார்கள். அதற்காகத்தான் வராதவரையும் எண்ணச் சொன்னாள்.

[அதற்காகத்தானா என்று எனக்குத் தெரியாது. நான் கண்டுபிடித்த காரணம் அது. அவள் சொல்லவந்தது வேறாகவும் இருக்கலாம். கடைசி வாக்கியத்தை அடிக்கலாமா என்று யோசித்தேன். இருக்கட்டும், ஆனால் நம்ப வேண்டாம்.]

6

அன்று சாயங்காலம் மாமனார் நடக்கக் கிளம்பினார். வாசலில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். கேன்வாஸ் ஷூவின் முன்பக்கம் கத்திரிக்கோலால் வெட்டப்பட்டிருந்தது, இரண்டு காலிலும்.

"என்ன மாமா இது?"

"ஷூ சுருங்கிடுச்சு மாப்பிள்ளை."

"ஷூ எங்கயாவது சுருங்குமா?"

"இந்த வயசுல எல்லாம் சுருங்குது. ஷூ மட்டும் என்ன ஒசத்தியா?"

அவன் குனிந்து பார்த்தான். கால் நகங்கள் தடித்து, வளைந்து, பக்கத்து விரலில் ஏறியிருந்தன. ஒரு விரலில் காய்ந்த ரத்தம்.

"எனக்குக் குனிய வரல" என்றார் அவர், தெருவைப் பார்த்தபடி. "ஞாயித்துக்கிழமையானா அவதான் வெட்டி விடுவா."

"எங்கிட்ட சொல்லியிருக்கலாமே மாமா."

"எப்படிச் சொல்றது? மாப்பிள்ளை மடியில காலை நீட்டறதா? நல்லா இருக்கு கதை."

கிளம்பிவிட்டார். வெட்டிய ஷூவில் விரல்கள் முன்னே வந்து வந்து போயின.

வீடு ஓடிக்கொண்டுதான் இருந்தது. சோறு வெந்தது. குழாய்க்காரர் வந்துபோனார். மருந்து தீரும் முன்பு மருந்து வந்தது. அவன் எல்லாவற்றையும் கவனித்துக்கொள்கிறான் என்று அண்ணி ஊரெல்லாம் சொன்னாள்.

[இது ரொம்பப் பொருத்தமாக அமைந்துவிட்டது. எனக்கே பிடிக்கவில்லை. நகத்தை எடுத்துவிட்டு ஒரு வரைவு எழுதிப் பார்த்தேன். கதை ஓடியது. ரொம்ப நல்லா ஓடியது. திரும்பக் கொண்டுவந்து வைத்தேன்.]

7

சரியான திருத்தம் ஒரு வரியில் முடியவில்லை. ஒரு வாரம் தின்றது. ஆள் அணைந்தால், அவர் கையில் என்ன இருந்தது என்று முதலில் பார்க்க வேண்டும். அதை இன்னோர் ஆள் எடுத்துச் செய்து முடிக்க வேண்டும். பிறகுதான் அவரைக் கணக்கிலிருந்து விடலாம். பின்பாதியை முதல் தடவையாக முழுக்கப் படித்தான். அவள் எங்கே அலுத்துக்கொண்டு எழுதினாள், எங்கே ரசித்து எழுதினாள் என்று தெரிந்தது. இதற்கு முன்பு படித்திருக்கலாம்.

"நனையுது சார், செருப்பு நனையுது!" என்றார் வெள்ளக்காரம்மா. பழைய இயந்திரம் அப்போதுதான் படியிறங்கிப் போய்க்கொண்டிருந்ததாம்.

மிச்சம் இருந்தது குறிப்பு. இப்போது அது பொய். வராதவரை எண்ண வேண்டியதில்லை. பொய்க் குறிப்பை நிரலில் விட்டுவைக்கக்கூடாது. நாளைக்கு முகம் தெரியாத ஒருவர் அதை நம்பித் திருத்தத்தையே கலைத்துவிடுவார்.

முடிவு ஒன்று: அழிக்கிறான். நிரல் சுத்தமாகிறது.

முடிவு இரண்டு: அழிக்காமல் விடுகிறான். அந்த முகம் தெரியாதவர் வருகிறார். என்றோ ஒரு மழையில் ஆறு மறுபடி பாதியில் நிற்கிறது.

முடிவு மூன்று: குறிப்புக்குக் கீழே ஒரு பதில் எழுதுகிறான். "புரிந்தது. இனி நீ

(அழகாக வருகிறது. வேண்டாம்.)

8

ஞாயிற்றுக்கிழமை. திரையில் குறிப்பின் கடைசி எழுத்தை ஒட்டி அந்தச் சின்னக் கோடு துடித்துக்கொண்டிருக்கிறது. அழிக்கும் விசையை அழுத்தினால் "சொல்கிறேன்" முதலில் போகும்.

அவன் எழுந்து கூடத்துக்குப் போகிறான். வாளியில் வெந்நீர். தரையில் பழைய செய்தித்தாள். அவளுடைய நகவெட்டியைத் தேடி எடுத்திருக்கிறான். மாமனார் நாற்காலியில் கால்களை உள்ளே இழுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

"காலை நீட்டுங்க மாமா."

"வேணாம் மாப்பிள்ளை. கூச்சமா இருக்கு."

"எனக்கும்தான்."

அவர் சிரிக்கவில்லை. வாளியைப் பார்க்கிறார்.

இதற்கு மேல் எனக்குக் கை வரவில்லை. குறிப்பு திரையில் இருக்கிறது. அவர் கால் இன்னும் நாற்காலிக்கு அடியில் இருக்கிறது. தண்ணீர் ஆறிக்கொண்டிருக்கிறது. என் துண்டு பாதியில் நிற்கிறது.

இதுவரை வந்த நீங்கள் அதை எடுத்துக்கொள்ளுங்கள்.