ஒரு அட்டை கைமாத்து

தோள்பட்டையில் பிடித்த வலி முதுகு வழியாக இறங்கி இடுப்பில் வந்து நின்றுகொண்டது. கலவைச் சட்டி சுமக்கிற வலி அவளுக்குப் பழக்கம். படுத்து எழுந்தால் போய்விடும். இது வேறு. படுக்கையில் கிடந்த புருஷனை மாதக்கணக்காகத் தூக்கித் தூக்கி உட்காரவைத்த வலி. இன்றைக்கு உட்காரவைக்கிற வேலை இல்லை. வண்டி வருவதற்குள் புரட்டிச் சட்டை மாற்றினால் போதும்.

"விடுங்கண்ணி, நான் தூக்கறேன்," என்றான் கொழுந்தன்.

"தலைப்பக்கம் எனக்குத்தான் பழக்கம். நீ காலைப் பிடி."

மூச்சைப் பிடித்துக்கொண்டு தூக்கியவன் தடுமாறினான். அவன் நினைத்த பாரம் அங்கே இல்லை.

"என்னண்ணி, ஒண்ணுமே இல்லையே."

"பட்டறைக்குக் கொடுத்தது போக மிச்சம் அவ்வளவுதான்."

கல் அறுக்கும் பட்டறையில் வாலிபம் முழுக்கத் தூசி தின்றவர். நுரையீரல் கொஞ்சம் கொஞ்சமாக இறுகிப்போகிற நோய். குணமாக்க மருந்து இல்லை. இறுகுவதைத் தள்ளிப்போட ஒரு மாத்திரை உண்டு. அதை வாங்கினால் அவள் கூலியில் அரிசிக்கு மிஞ்சாது. ஆஸ்பத்திரி பெஞ்சில் இதே நோயோடு உட்கார்ந்திருந்தவர்களில் அவரோடு சேர்த்து நாலு பேர் கூட்டுச் சேர்ந்தார்கள். மொத்தக் கடையில் சேர்த்து வாங்கினார்கள். ஒருவருக்குக் கை வறண்டால் இன்னொருவர் ஓர் அட்டை கைமாத்துக் கொடுப்பார். திருப்புவதும் மாத்திரையாகத்தான் திருப்ப வேண்டும், பணமாக வாங்கக் கூடாது என்று ஏற்பாடு. பணம் கைக்கு வந்தால் வேறு செலவு முந்திக்கொள்ளும் என்பது அந்த நாலு பேருக்கும் தெரியும்.

அவர்களில் டெய்லர்தான் படிப்பாளி. இந்த நோயைப் பற்றி எங்கே ஆராய்ச்சி வந்தாலும் செல்போனில் தேடிப் படித்து, இருமலுக்கு நடுவே பேசி அனுப்புவார். "வெறும் வயித்துல போடாதீங்கப்பா. சாப்பாட்டோட போட்டா குமட்டல் குறையுதாம். டாக்டரையும் ஒரு வார்த்தை கேட்டுக்கங்க."

"பட்டன் தைக்கிற மாதிரி பேசறான் பாரு. ஒண்ணும் கழண்டு விழாது," என்பார் இவள் புருஷன்.

இந்த வாரத் தொடக்கத்தில் வந்தது வேறு மாதிரிப் பேச்சு. "தங்கச்சி, இந்தக் கட்டத்துல மாத்திரை பெருசா உதவாதுன்னுதான் படிச்சேன். டாக்டரும் நிறுத்தச் சொல்லிட்டாரே. அவரைச் சும்மா விடும்மா."

அன்றைக்கு வீட்டில் மாத்திரை தீர்ந்திருந்தது. அவள் உடனே கூப்பிட்டாள். "உங்க அட்டையக் காப்பாத்திக்கத்தான் இந்த ஆராய்ச்சியா, டெய்லரண்ணே?"



சாயங்காலம் டெய்லர் படிக்குப் படி நின்று மாடியேறி வந்தார். ஓர் அட்டையை மேசைமேல் வைத்தார். தண்ணீர்கூடக் குடிக்காமல் இறங்கிப் போனார்.

"திருப்பிக் கொடுத்துடு," என்றார் புருஷன்.

"வாயைத் திறங்க."

திறந்தார். அதற்குப்பின் வேளை தவறாமல் திறந்தார். பிடிவாதக்கார மனுஷன் பிள்ளைபோல் வாங்கிக்கொண்டது அவளுக்குத் தெம்பாக இருந்தது. பிழைத்துக்கொள்வார் என்றே நினைத்தாள்.

சட்டைக்குப் பட்டன் போட்டுவிட்டு அவள் தலையணையை உருவினாள். உறைக்குள் கட்டியாக ஏதோ தட்டுப்பட்டது. பஞ்சு உருண்டிருக்கும் என்று கையை விட்டாள்.

மாத்திரைகள். வாயில் ஊறி, மேல்பூச்சு கரைந்து, ஒன்றோடொன்று ஒட்டி, நூலும் பஞ்சுமாக ஒரே கட்டியாகக் காய்ந்திருந்தன.

"என்னண்ணி அது?"

"ஒண்ணுமில்ல. கீழ போய் வண்டி வருதான்னு பாரு."

கன்னத்தில் ஒதுக்கி வைத்து, அவள் அந்தப் பக்கம் போனதும் உறைக்குள் தள்ளியிருக்கிறார். டெய்லருக்குத் திரும்பப் போகட்டும் என்று. ஈரத்தில் கரையும் என்பது அவருக்குத் தெரியாதா? துடைத்து வைக்க அந்தக் கைக்குத் தெம்பில்லை.

படியில் இருமல் ஏறி வந்தது. டெய்லர் நாற்காலியில் உட்கார்ந்து மூச்சு அடங்கும்வரை படுக்கையில் கிடந்தவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சிரமப்பட்டாரா?"

"இல்லண்ணே. தூக்கத்துலயே போயிட்டாரு."

டெய்லர் தலையாட்டினார். கிடந்தவரின் காலர் ஓரம் மடங்கியிருந்தது. எழுந்து போய் அதை நீவிவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"உங்களுக்கு மாத்திரை இருக்காண்ணே?"

"கடையில சரக்கு வரட்டும்மா. அதுவரைக்கும் ரெண்டு வேளை போட்டுக்கறேன்."

மூன்று வேளை போட வேண்டியது.

"நான் அன்னிக்குப் பேசினது…"

"தண்ணி இருந்தா கொடு தங்கச்சி."

கொடுத்தாள். முழுவதும் குடித்தார்.

வண்டி வந்துவிட்டது என்று கீழேயிருந்து கொழுந்தன் குரல் கொடுத்தான். அவள் கட்டியை இடுப்பில் செருகிக்கொண்டு தலைப்பக்கம் போய்க் குனிந்தாள். இடுப்பில் அது உறுத்தியது.

டெய்லருக்கு ஓர் அட்டை மாத்திரை பாக்கி.