இறங்கித் தள்ளிய சைக்கிள்

இதைச் சரியாகத்தான் நினைவில் வைத்திருக்கிறேனா என்று எனக்கே தெரியவில்லை. முதல் நாள் எங்கள் தெரு வந்ததும் வேம்புவிடம் "இறங்கிக்க" என்று நான் சொன்னேனா, அவனாகவே இறங்கினானா? சில நாள் ஒரு விதமாகத் தோன்றுகிறது, சில நாள் வேறு விதமாக.

1944. செந்துறைப் பக்கம் எங்கள் பண்ணையில் ஏர் ஓட்டியவன் வேம்பு. நாகப்பட்டினத்தில் தந்தி கொண்டுபோகும் வேலைக்கு ஆள் எடுப்பதை நான்தான் பேப்பரில் படித்துச் சொன்னேன். இரண்டு மைல் ஓடி, உடனே எட்டு மைல் சைக்கிள் விட வேண்டும். முதலில் வரும் இருவருக்கு வேலை.

"போனா போனதுதான். திரும்பி என் வயல்ல கால் வைக்கக் கூடாது" என்றார் அப்பா. வேம்புவின் மனைவி பூமாலைக்கு அப்போது ஏழாம் மாதம்.

ஆனி முழுக்க அரியலூர் ரோட்டில் பழகினோம். மேல்காற்று புழுதியை முகத்தில் அடிக்கும். ஓடி முடித்து என் சைக்கிளில் ஏறுவான். ரோடு எங்கள் தெரு வழியாகத்தான் போகும். தெரு வந்ததும் இறங்கி, தோள் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு தள்ளிக்கொண்டே நடப்பான். வாசலில் வைரக்கண்ணு பெரியப்பா நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். தெரு முடிந்ததும் ஏறுவான். அவன் சேரி ஆட்கள் யாரும் அங்கே சைக்கிளில் உட்கார்ந்து போனதில்லை. கடிகாரம் பிடித்த நான், அந்த நிமிடங்களைக் கழித்துவிட்டுத்தான் நேரம் சொல்வேன்.

கடல்காற்றில் பழக வேண்டுமென்று பத்து நாள் முன்பே நாகப்பட்டினம் போனோம். நான் சத்திரத்தில் தங்கினேன். அவன் மணலில், படகுகளுக்கு நடுவே படுத்தான்.

"நம்மூரு காத்து ஒரே பக்கமா தள்ளும் சின்னய்யா. இது மாமியா மாதிரி. எந்தப் பக்கத்திலேருந்து வரும்னு தெரியல."

"குனிஞ்சு மிதிடா. பேசுனா வாயில மண்ணு போவும்."

"போவட்டுங்க. உப்பாத்தான இருக்கு, கஞ்சிக்குத் தொட்டுக்கலாம்."

ஒருநாள் கடலைப் பார்த்தபடி, "கெடைக்கலேன்னா நான் எங்கங்க போவேன்?" என்றான். நான் குனிந்து சைக்கிளுக்குக் காற்றடித்தேன்.

பரீட்சையன்று ஓட்டத்தில் மூன்றாவதாக வந்தான். சைக்கிளில் எல்லோரையும் தாண்டினான். பக்கக் காற்றில் மற்றவர்கள் தடுமாறினார்கள். ஒருவன் விழுந்தே போனான். கொடி நட்ட இடத்துக்கு நூறு அடி இருக்கும்போது வேம்புதான் முதல். கொடிக்கு முன்னால் நான்கு அதிகாரிகள், தலைப்பாகையோடு நாற்காலிகளில். அவன் தலையை நிமிர்த்தினான். அவர்களைப் பார்த்தான்.

இறங்கினான். துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டான். தள்ளிக்கொண்டு நடந்தான்.

"ஏறுடா வேம்பு, ஏறு" என்று கத்தினேன். காற்று அதை வாங்கிக்கொண்டது. மூன்று சைக்கிள்கள் அவனைக் கடந்து போயின.

"ஏன்டா இறங்குன?"

"நான் இறங்கலீங்களே" என்றான். பிறகு குனிந்து தன் கால்களைப் பார்த்தான்.

அப்பா சொன்னபடி அவனைச் சேர்க்கவில்லை, நானும் கேட்கவில்லை. வேம்பு பூமாலையோடு பெரம்பலூர்ப் பக்கம் கல் உடைக்கப் போனான். குழந்தை தங்கவில்லை. 1949-இல் அவன் காய்ச்சலில் இறந்தான். பூமாலை இன்னும் பெரம்பலூரில்தான் இருக்கிறாள். பெரியப்பாவும் அப்பாவும் போய்விட்டார்கள். சைக்கிளை விற்றுவிட்டேன். நான் அரியலூரில் வாத்தியாராக இருக்கிறேன்.